என்னைப் பச்சோந்தி என்றவர்கள்

மருத்துவமனை மொழிபெயர்ப்பாளருக்குச் சொந்தமாக ஒரு 'நான்' கிடையாது. நோயாளி "எனக்கு வலிக்கிறது" என்றால் நாமும் ஆங்கிலத்தில் எனக்கு வலிக்கிறது என்றே சொல்ல வேண்டும். டாக்டர் வாயைத் திறந்தால் அடுத்த நொடி நாமே டாக்டர். இந்தப் பிழைப்பில் மாட்டிக்கொண்ட சகாக்களுக்கு இது புதிதல்ல.

அப்பா சொன்னது

அமெரிக்காவில், டெக்சஸின் பிளானோவில் எனக்கு வந்த நோயாளி அருளப்பு அங்கிள், யாழ்ப்பாணத்துக்காரர்; மகனோடு வருவார். நான் சென்னை. அவருக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று 'நோகுது', 'கதைக்கிறது' என்று அவர் தமிழுக்கே மாறிக்கொண்டேன். காத்திருக்கும் அறையில் என் கணவர் ஃபோனில் கூப்பிட, பழையபடி சென்னைத் தமிழ் வந்துவிட்டது. அங்கிள் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

"பிள்ளை, நீர் சரியான பச்சோந்தி."

மகன் சொன்னது

ஸ்கேன் முடிவு வந்த அன்று அவர் மகன் ஜெயந்தன் என்னை வெளியே நிறுத்தினார். புற்றுநோய் என்று அப்பாவுக்குத் தெரிய வேண்டாம், வெறும் கட்டி என்று சொல்லுங்கள் என்று கெஞ்சினார். முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்ல வேண்டியவள், நம் வழக்கப்படி "பாக்கலாங்க" என்று தலையாட்டிவைத்தேன். தப்பு என்னுடையதுதான்.

உள்ளே டாக்டர், எல்லாவற்றையும் சொல்லலாமா என்று அங்கிளைக் கேட்டார். சொல்லுங்கள் என்றார் அங்கிள். டாக்டர் சொன்னதை ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன். வெளியே வந்ததும் ஜெயந்தன் என் பக்கம் திரும்பினார். அப்பா விளையாட்டாகச் சொன்ன சொல், கட்சி மாறுகிறவர்களைத் திட்டுவோமே, அப்படி வந்தது.

"வெளியிலை ஒரு கதை, உள்ளுக்கை ஒரு கதை. பச்சோந்தி."

மறுபடி அப்பா

அடுத்த முறை கீமோ பற்றிப் பேச்சு. வேண்டாம், வீட்டில் இருக்கப்போகிறேன் என்றார் அங்கிள். பயத்தில் சொல்கிறார் என்று ஜெயந்தன் குறுக்கிட்டார். அங்கிள் சொல்லச் சொல்ல நான் விதிப்படி ஆங்கிலத்தில் சொன்னேன்: எனக்கு இந்த மருந்து வேண்டாம், எனக்குப் பயமில்லை, மிச்ச நாளை என் மகனோடு இருக்க வேண்டும். என் குரல் உடைந்துவிட்டது. ஜெயந்தன் அப்போதுதான் அப்பா முகத்தைப் பார்த்தார். பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"நான் வீட்டிலை எத்தினை தரம் சொன்னனான், பிள்ளை. நீர் இங்கிலீசிலை சொன்னாப்பிறகுதான் அவனுக்குக் கேட்டது."

ஒரே தமிழ் பேசும் அப்பாவுக்கும் மகனுக்கும் நடுவில்கூட மொழிபெயர்க்க ஆள் வேண்டியிருக்கும் என்று எனக்குப் பயிற்சி கொடுத்தவர்கள் யாரும் சொல்லவில்லை.