“அவசரமில்லை” என்று சொன்ன யோகன்

1. ஒரு கேள்வி

“உங்கள் மனைவி இங்கே வருவதற்கு நீங்கள் ஈகராக இருக்கிறீர்களா?”

அரசுத் தரப்பு வழக்கறிஞர் ஆங்கிலத்தில் இதைக் கேட்டபோது காலை பத்தரை இருக்கும். மொன்றியல் நகர மையத்தில் ஒரு குடிவரவு விசாரணை அறை. நான் தமிழ் மொழிபெயர்ப்பாளர். இருபத்திரண்டு வருடம் இந்த வேலை செய்து இப்போது ஓய்வில் இருக்கிறேன்.

எனக்குப் பக்கத்தில் இருந்தவர் யோகன். மட்டக்களப்புக்காரர், நகரின் வில்லரே பகுதியில் ஒரு உணவகத்தில் சமையல் வேலை. ஊருக்குப் போய்க் கல்யாணம் கட்டி ஆறு வருடம். மனைவியின் விசாவை மறுத்துவிட்டார்கள். கனடாவுக்கு வருவதற்காகவே கட்டிய போலிக் கல்யாணம் என்று அதிகாரிக்குச் சந்தேகம். இது அந்த முடிவுக்கு எதிரான மேன்முறையீடு. இதிலும் தோற்றால் மனைவி வருவதற்கு வேறு வழி இல்லாத மாதிரித்தான்.

‘ஆவலாக இருக்கிறீர்களா’ என்று நான் கேள்வியைத் தமிழில் சொன்னேன். யோகன் என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு மேசையைப் பார்த்தார்.

“ஓம்... வரட்டும். அவசரமில்லை.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும் அதைத்தான் ஆங்கிலத்தில் சொன்னேன். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. எங்கள் தொழிலில் அது முதல் விதி. வழக்கறிஞர் சந்தோஷமாக எழுதிக்கொண்டார்.

“மனைவி இல்லாமல் உங்களுக்கு என்ன குறை?”

“குறை ஒண்டுமில்லை. நான்தானே சமைக்கிறன்.”

யோகனின் சொந்த வழக்கறிஞர் ஒரு கியூபெக் பெண். அவர் நெற்றியைத் தேய்க்கத் தொடங்கினார்.

2. சொல் இருக்கிறது, வாய் இல்லை

இளம் மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியை நம்புகிறார்கள். நானும் ஒரு காலத்தில் கொப்பி போட்டு எழுதி வைத்திருந்தேன். ஈகர் என்றால் ஆசையோடு பார்த்திருப்பது. ஆங்ஷியஸ் என்றால் அதற்குள் கொஞ்சம் பயமும் கலந்திருக்கும். இம்பேஷன்ட் என்றால் பொறுமை போய்விட்டது. வெள்ளைக்காரர் இந்தச் சொற்களை வாரி இறைப்பார்கள். சனிக்கிழமை ஒரு படம் பார்க்கப் போவதற்கே “செத்துக்கொண்டிருக்கிறேன்” என்பார்கள், கோப்பியைக் குடித்தபடி.

எங்களிடம் சொல்லுக்குப் பஞ்சமா? ஆவல், தவிப்பு, துடிப்பு எல்லாம் இருக்கிறது. அவசரமும் தவிப்பும் சேர்ந்த அந்தரம் என்ற ஒரு சொல்லே போதும். ஆனால் எங்கள் ஆண்கள் பஸ் பிந்தினால் அந்தரப்படுவார்கள், சோறு பிந்தினால் வீட்டையே இரண்டாக்குவார்கள், பெண்சாதி பிந்தினால் மட்டும் வாயைத் திறக்கமாட்டார்கள். அதிகாரிகளுக்கு முன்னால் அவசரம் காட்டுவது மரியாதை இல்லை என்றும் ஒரு எண்ணம். பணிவாகக் காத்திருந்தால் பெரிய மனசு பண்ணித் தருவார்கள் என்று நம்புகிறவர்கள் நாங்கள். அந்த அறையிலோ ஆசையைக் காட்டாதவனுக்குக் கல்யாணமே இல்லை.

பதினைந்து நிமிட இடைவேளை விட்டார்கள். சாட்சியோடு மொழிபெயர்ப்பாளர் பேசக்கூடாது. நான் கோப்பி மெஷினோடு முட்டிக்கொண்டு நின்றேன். யோகன் தேடிக்கொண்டு வந்துவிட்டார்.

“அக்கா, நான் சரியாச் சொன்னனானோ?”

“தம்பி, என்னோட கதைக்கக் கூடாது. போங்கோ.”

போகவில்லை. முகம் கறுத்துவிட்டது. “லோயர் அம்மா ஏசுறா, மனசில கிடக்கிறதைச் சொல்லட்டாம். உங்களுக்கு முன்னால என்னெண்டு அக்கா அதெல்லாம் சொல்லுறது?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருடைய மூத்த அக்காவின் வயது எனக்கு. சேலை கட்டி, பொட்டு வைத்துக்கொண்டு பக்கத்தில் இருக்கிறேன். மனைவிக்காக ஏங்குகிறேன் என்று இந்த மனிதர் என் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வார்? நியாயமாக நடக்கிறேன் என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, வழக்கைக் கெடுத்துக்கொண்டிருந்தவள் நான்தான். வெட்கமாக இருந்தது. என்மேலேயே கோபமும் வந்தது.

3. விதியை மீறாமல்

உள்ளே போனதும் கை உயர்த்தினேன். விசாரிக்கும் அதிகாரியை அங்கே மெம்பர் என்பார்கள். நரைத்த தலை, கண்டிப்பான மனிதர்.

“இடைவேளையில் சாட்சி என்னோடு பேசினார். அதை நான் மறைக்கக் கூடாது,” என்றேன். அவர் கேட்டதையும் நான் சொன்னதையும் அப்படியே ஒப்புவித்தேன். எங்கள் சமூகத்தில் ஒரு ஆண், அக்கா முறையான பெண்ணுக்கு முன்னால் மனைவிமேல் உள்ள ஆசையைப் பேசமாட்டான் என்றும் சொன்னேன். “அவர் சொல்வது உண்மையா பொய்யா என்று எனக்குத் தெரியாது. நான் இங்கே இருப்பது இடைஞ்சல் என்று மட்டும் தெரியும்.”

அரசுத் தரப்பு வழக்கறிஞர் எழும்பினார். மொழிபெயர்ப்பாளர் சாட்சியாக மாறிவிட்டார், என்னை நீக்க வேண்டும் என்றார். நீக்கினால் வழக்குத் தள்ளிப்போகும், இன்னும் பல மாதம். ஆனாலும் வேலை வேலைதான். பேசியது அத்தனையையும் தமிழில் யோகனுக்குச் சொல்ல வேண்டியிருந்தது, என்னைப் பற்றி நானே சொன்னது உட்பட. அவருடைய காது சிவந்துபோனது.

மெம்பர் பதில் சொல்வதற்கு முன் யோகன் ஃபோனை எடுத்து, விமானங்கள் எங்கே பறக்கின்றன என்று காட்டும் ஆப்பைத் திறந்து மேசையில் வைத்தார். தன்னுடைய கிச்சன் ஆங்கிலத்தில், என் பக்கம் திரும்பாமல் பேசினார்.

“எவ்ரி டே ஐ சீ கொழும்பு பிளேன். ஆப்பில் பிளேன் மூவிங். மை வைஃப் நொட் இன்சைட். ஐ நோ. ஸ்டில் ஐ சீ, அன்ரில் பிளேன் லேண்ட்.”

மெம்பர் அந்த ஃபோனைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தார். என்னை நீக்கவும் இல்லை.

அன்றையிலிருந்து நான் ஒன்றைப் பழக்கமாக்கினேன். கணவன் மனைவி வழக்கு என்றால் முதல் நாளே வழக்கறிஞரைக் கூப்பிட்டு, ஆண் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கட்சிக்காரரிடம் கேட்கச் சொல்வேன். என் பிழைப்பில் ஒரு நாள் போகும், போகட்டும். சொல்லைச் சரியாகப் பெயர்த்தால் வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். அந்தச் சொல்லை உங்களுக்கு முன்னால் சொல்ல முடியுமா என்றும் யோசியுங்கள்.

அன்று மத்தியானமே மெம்பர் தீர்ப்பை வாசிக்கத் தொடங்கினார். முதலில் காரணங்கள். சட்டப் பிரிவு, ஆவணங்கள், தொலைபேசிப் பதிவுகள். அவர் இரண்டு வசனம் வாசிப்பார், நான் இரண்டு வசனம் சொல்வேன். எந்தப் பக்கம் சாய்கிறார் என்று எனக்கே பிடிபடவில்லை. மூன்றாவது பக்கத்தில் யோகன் மேசையில் அடித்தார்.

“அக்கா, அதெல்லாம் பிறகு சொல்லுங்கோ! அவ வரலாமோ, இல்லையோ? கெதியாக் கேட்டுச் சொல்லுங்கோ!”

அறையில் சொல்லப்படுவது எல்லாவற்றையும் பெயர்க்க வேண்டும். எந்த ஆங்கிலச் சொல் பொருந்தும் என்று நான் யோசிக்கவில்லை. அவர் கத்திய அதே சத்தத்தில் ஆங்கிலத்தில் நானும் கத்திவிட்டேன்.

மெம்பர் தாள்களைக் கவிழ்த்து வைத்தார்.

“யெஸ். ஷீ கேன் கம்.”

நான் வாயைத் திறப்பதற்குள் யோகன் எழுந்து நின்றுவிட்டார்.