முகம் இல்லாத பல் டாக்டர்

வார இதழில் பல் டாக்டர் சித்திரத் தொடர் வரைகிறவளுக்கு வீட்டில் பம்பரம் என்று பெயர். ஒரே இடத்தில் உட்கார்ந்து ஒரு கட்டத்தை முடித்ததாகச் சரித்திரமே இல்லை. மூக்கை ஜன்னலோரத்தில் வரைவாள், காதைச் சமையல் மேடையில்.

முதலில் வெளிர் நீலப் பென்சிலால் தாளில் வரைவாள். அதன்மேல் கறுப்பு மை. ஸ்கேன் செய்ததும் கம்ப்யூட்டரில் ஒரே தட்டில் நீலத்தை நீக்கி வண்ணம் நிரப்புவாள்.

ஏற்கெனவே இரண்டு வாரம் தாமதம். "பதினோரு மணிக்குள்ள வரலன்னா அந்த இடம் குறுக்கெழுத்துக்குத்தான். தொடரையும் நிறுத்திடுவேன்" என்று ஆசிரியர் கறாராகச் சொல்லிவிட்டார். காலையிலிருந்து அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. பத்தேகாலுக்கு அனுப்பினாள். உடனே போன்.

"என்னம்மா, கடைசிக் கட்டத்துல டாக்டருக்கு மூஞ்சியே காணோம்?"

தாளை எடுத்துப் பார்த்தாள். தலைமுடிக்கும் காதுக்கும் மை இருந்தது. முகம் மட்டும் வெறும் நீலம். மை போடும்போது பாதியில் எழுந்து ஸ்கேனரைப் பார்க்கப் போனவள், திரும்பி வந்து தாளை அப்படியே அதில் வைத்துவிட்டாள். நீலக் கோடே அவள் கண்ணுக்கு முழு முகமாகத் தெரிந்திருக்கிறது. வண்ணம் நிரப்பிய அவசரத்தில் வெற்று முகமும் கண்ணில் படவில்லை. அந்த முகத்தில்தான் ஜோக்கே. ஊரார் பல்லைப் பிடுங்குகிறவர், இன்னொரு டாக்டர் முன்னால் வாய் திறந்து நடுங்குகிறார்.

"பதினோரு மணி வரைக்கும் டைம் இருக்குல்ல சார்?"

"இருக்கு. அதுக்குமேல ஒரு நிமிஷம் கிடையாது."

டேப்லெட்டிலேயே முகத்தைப் போட்டாள். கோடு வழவழவென்று மற்ற மைக்கோடுகளோடு ஒட்டாமல் நின்றது. கணவன் எட்டிப் பார்த்தான்.

"யாரு தலைய வெட்டி ஒட்டின?"

"வாய மூடுங்க."

மறுபடி தாளுக்கே வந்தாள். மை போட்டு முடிக்கும்போது பத்து நாற்பது. ஈரத்தோடு ஸ்கேனரில் வைத்தால் மை கலைந்துவிடும். காயப் பத்து நிமிடமாவது வேண்டும்.

"ஏங்க, ஹேர் டிரையர் எங்க?"

"போன தடவ தாள் சருகா சுருண்டுச்சே, ஞாபகம் இல்ல? டிரையர்மேலதான் உக்காந்திருக்கேன். எழுந்திருக்க மாட்டேன்."

"இந்தத் தொடர் போச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?"

"முதல்ல உக்காரு. நீ நடக்கிற நடைக்கு மேசையே ஆடுது."

கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அந்தப் பத்து நிமிடமும் முள்மேல் இருந்த மாதிரி. பத்து ஐம்பதுக்கு ஸ்கேன், ஐம்பத்தேழுக்கு அனுப்பினாள்.

போன் அடித்தது.

"உன் படத்தோட பக்கம் அச்சுக்குப் போயிடுச்சு. அது சரி, டாக்டர் மூஞ்சியில பயம் தத்ரூபமா இருக்கே, யாரப் பாத்து வரைஞ்ச?"

"உங்களத்தான் நெனச்சேன் சார்" என்றாள்.