சாக்பீஸ் டீச்சரும் அக்கரைப் பாலமும்

எங்கள் அலுவலகத்து ஜீப்பை ஓட்டுகிறவன் நான். ஊர் ஊராகப் போய், உங்கள் ஊருக்கு என்ன வேண்டும் என்று நீங்களே திட்டம் போடுங்கள் என ஜனங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற பயிற்சிப் பிரிவு அது. "ரோட்டைப் போட்டுக் குடுத்துட்டுப் போங்களேன்யா, வகுப்பு எதுக்கு?" என்று டீக்கடையில் என்னைக் கேட்காத ஆள் கிடையாது. சாக்பீஸ் டீச்சரோடு சுற்ற ஆரம்பிக்கும்வரை நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பை நிறைய கலர் சாக்பீஸ் வைத்திருப்பார். ஆனால் செத்தாலும் ஒரு கோடு போட மாட்டார். சமுதாயக்கூடத்துச் சிமெண்ட் தரையைக் கூட்டித் துடைத்துவிட்டு, "இதுதான் உங்க ஊரு, வரைங்க" என்று சாக்பீஸை நீட்டுவார். முதலில் எல்லாரும் பேந்தப் பேந்த விழிப்பார்கள். அப்புறம் யாராவது தன் வீட்டை அரண்மனை மாதிரி போடுவார். பக்கத்து வீட்டுக்காரர் சும்மா விடுவாரா? ஓர் ஊரில் ஒருவர் போட்ட மாட்டுக்கொட்டகை பள்ளிக்கூடத்தையே விழுங்கிவிட்டது. டீச்சர் சிரிக்க மாட்டார். "காலைல எழுந்ததும் உங்க கால் எந்தப் பக்கம் போகுது? அந்த வழியைப் போடுங்க" என்பார். வழிகளைப் போடப் போட வீடுகள் தானாகச் சுருங்கும். கிணறு வரும், சுடுகாடு வரும், சண்டையும் வரும். சண்டை ஓய்ந்தபின் தரையில் இருப்பதை அப்படியே தாளில் ஏற்றி மேலிடத்துக்கு அனுப்புவோம்.

"வாத்தியார் வேலைக்கு வந்துட்டு எழுத மாட்டேன்னா எப்படி டீச்சர்? நான் ஸ்டியரிங்கைப் பின்னாடி சீட்டுக்காரன்கிட்ட குடுத்தா ஒத்துக்குவீங்களா?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"நான் கோடு போட்டா அது என் ஊராயிடும், அண்ணே" என்றார்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் ஆற்றங்கரை ஊர் வந்தது. மேலிடம் ஒரே ஒரு பாலம் தரும். எங்கே வேண்டும் என்று ஊரே முடிவுசெய்ய வேண்டும். இக்கரையில் அரிசி மில். மில்லுக்கு எதிரே பாலம் வந்தால் அங்கே வேலைக்கு அடுத்த ஊர்களிலிருந்து ஆற்றைச் சுற்றி வருபவர்களுக்குத் தூரம் மிச்சம். அக்கரையில் இருப்பவர்கள் பால்காரர்கள். அவர்களுக்கு வேறு வழியே கிடையாது. துறை என்கிற ஆழம் குறைந்த இடத்தில் பால் கேனைத் தலையில் வைத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வர வேண்டும். மழைக்காலத்தில் அதுவும் கிடையாது. மில் பக்கம் பாலம் வந்தாலோ, சேற்றுக்கரையில் அரைப்பொழுது நடந்துதான் அதைத் தொடவே முடியும்.

டீச்சர் பிறந்தது அந்த அக்கரையில்தான். சொந்த ஊரில் வகுப்பு எடுக்கக் கூடாது என்பது எங்கள் ஆபீஸ் சட்டம். அக்கரைக்குத் தனிப் பெயரில்லை, காகிதத்தில் எல்லாம் இக்கரை ஊர்தான். அதனால் யாரும் கவனிக்கவில்லை. எனக்கு மட்டும் தெரியும்.

"சொல்லிடுங்க டீச்சர், வம்பு" என்றேன்.

"சொன்னா வேற ஆளை அனுப்புவாங்க. அவரு தானே வரைஞ்சு ஒட்டிட்டுப் போயிடுவாரு. எங்க ஜனங்களுக்காவது இது ஒழுங்கா நடக்கட்டும், அண்ணே."

டீச்சரின் அக்காவும் வகுப்புக்கு வந்தார். அக்கரைப் பெண்களுக்கு அவர் வைத்ததுதான் சட்டம். போன மழையில் துறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்தது. வெள்ளம் வடியும்வரை ஆஸ்பத்திரிக்குப் போக முடியவில்லை. எலும்பு கோணலாகவே கூடிவிட்டது. அக்காவும் தங்கையும் வகுப்பில் முன்பின் தெரியாதவர்களைப் போல உட்கார்ந்திருந்தார்கள். எனக்குத்தான் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கடைசி நாள் தரையில் இரண்டு வட்டம், ஒன்று மில் பக்கம், ஒன்று துறை. ஆளுக்கொரு கூழாங்கல், பிடித்த வட்டத்தில் வைக்க வேண்டும். அக்காதான் முதலில் எழுந்தார். தங்கையை ஒரு பார்வை பார்த்தார். துறை வட்டத்தைத் தாண்டிப் போய் மில் வட்டத்தில் கல்லை வைத்துவிட்டார். பின்னால் வந்த பெண்கள் திகைத்துப்போனார்கள். ஆனாலும் அக்கா வைத்த இடத்திலேயே அவர்களும் ஒவ்வொருவராக வைத்தார்கள்.

டீச்சர் அக்காவின் கையைப் பிடித்து வெளியே ஜீப் பக்கம் இழுத்துவந்தார். நான் டயரைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

"என்னக்கா பண்ணிட்டு வந்திருக்க?"

"சத்தம் போடாத. பொறந்த வீட்டுக்குப் பாலத்தைக் கொண்டுபோயிட்டான்னு நாளைக்கு ஒருத்தன் உன்னைப் பேசக் கூடாது. உன் வேலைக்கு ஒண்ணும் ஆகக் கூடாது."

"உன் கையைப் பார்த்தியா நீ?"

"கை கெடக்குது கை."

"லூசா நீ?"

"ஆமாடி, லூசுதான். உன்னைத் தோள்ல தூக்கிட்டு இந்த ஆத்தைத் தாண்டிப் பள்ளிக்கூடத்துல விட்டேன் பாரு, அப்பவே லூசுதான்."

ஒரே டயரை எத்தனை தரம்தான் தட்டிப் பார்ப்பது?

டீச்சர் அக்காவையும் இழுத்துக்கொண்டு விடுவிடுவென்று உள்ளே போனார்.

"இவங்க என் கூடப்பொறந்த அக்கா. நான் அக்கரையில பொறந்தவ. இந்த வகுப்பை நான் எடுத்திருக்கவே கூடாது. என் பேரு கெடக் கூடாதுன்னுதான் இவங்க கல்லை மாத்தி வெச்சாங்க. இன்னைக்கு வெச்சது எதுவும் செல்லாது. ஆபீஸ்ல நானே சொல்லிடறேன். வேற ஆள் வருவாரு, அவர் முன்னாடி மனசுல இருக்கறதை வைங்க."

"இதுக்கா இவ்வளவு பீடிகை? ரெண்டு பேருக்கும் ஒரே மூக்கு. மொத நாளே தெரியும்மா எங்களுக்கு" என்றார் மில் மேஸ்திரி. கூடமே சிரித்தது. ஆனால் பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "அப்போ சொந்தக்காரங்களுக்குப் பாலம் கட்டத்தான் வந்தீங்களா?" என்றது. அக்கா எதற்குப் பயந்தாரோ அதேதான். அவர் யார் முகத்தையும் பார்க்காமல் எழுந்து போய்விட்டார்.

டீச்சரை ஊர் சுற்றும் வேலையிலிருந்து எடுத்து, உள்ளே ஒரு மேசைக்குப் பின்னால் உட்காரவைத்தார்கள். நல்லது செய்தவருக்கு இது ஒரு தண்டனை! எனக்கு வந்த கோபத்துக்கு ஜீப் கதவைச் சாத்தியே உடைத்திருப்பேன்.

புதிதாக வந்தவர், டீச்சர் அன்றைக்கே சொன்னபடி, தானே வரைபடத்தை வரைந்து எடுத்துவந்து சுவரில் ஒட்டினார். ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அக்கரைப் பெண்கள் தரையில் உட்கார்ந்து, யாரும் சொல்லாமலே, முதலில் காலையில் தங்கள் கால் போகும் வழிகளைப் போட ஆரம்பித்தார்கள். "என்னம்மா பண்றீங்க?" என்று பதறினார் அவர். "எங்க ஊரை வரையறோம் சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றாள் ஒருத்தி. எனக்கு விசிலடிக்க வேண்டும் போலிருந்தது. இந்த முறை துறை வட்டம்தான் நிறைந்தது. "பால் வரலைன்னா என் ஆளுங்க டீக்கு எங்கே போவாங்க?" என்று முனகிக்கொண்டே மேஸ்திரியும் அங்கேயே ஒரு கல்லைப் போட்டார்.

ஓடிவந்து டீச்சரிடம் சொன்னேன். "அக்கா வந்திருந்தாளா?" என்றுதான் கேட்டார். வரவில்லை. தன் பேரைத் தானே கெடுத்துக்கொண்டவளோடு பேச்சில்லை என்று அக்கா போனைக்கூட எடுப்பதில்லை. டீச்சர் அதைத் தாங்கவே முடியாமல் இருந்தார். சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறப்பார், அப்படியே மூடிவிடுவார்.

நல்ல மழைக்காலத்தில்தான் பாலத்தைத் திறந்தார்கள். டீச்சருக்கு அழைப்பில்லை. மேசையில் உட்கார்ந்து ஏதோ கணக்கைக் கூட்டிக்கொண்டிருந்தார். அப்போது, விழா நடந்த இடத்திலிருந்து நேராக அக்கா உள்ளே நுழைந்தார். ஆபீஸ் என்றும் பார்க்கவில்லை.

"பாலம் வந்துட்டா உன்கூடப் பேசிடுவேன்னு நெனச்சியா?"

"இல்லக்கா."

"பொழப்பைத் தொலைச்சுட்டு இப்படி மூலையில உக்காந்திருக்கியே, அப்படி என்னடி பெரிய பாலம்?"

டீச்சர் அக்காவைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பிறகு மெதுவாக, "உன் புடவை நனையலியேக்கா" என்றார்.

அக்கா குனிந்து பார்த்தார். ஊரில் ஆறு கரைபுரண்டு ஓடுகிறது. அவர் புடவைக் கரையில் ஒரு சொட்டு ஈரமில்லை. கோணல் கையால் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, அப்படியே தங்கையின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, ஓவென்று அழ ஆரம்பித்தார்.