பிக்கப் ஏசியும் பித்தளைப் பூட்டும்

நாங்கள் விற்கிற சரக்கு கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் வண்டி ஏசி மெக்கானிக்கை யாரும் நம்புவதில்லை. டயர் மாற்றினால் கறுப்பாகப் பளபளவென்று தெரியும். பெயின்ட் அடித்தால் ஊரே பார்க்கும். கேஸ் ஏற்றிவிட்டேன் என்று நான் சொன்னால், என் வாய்ச்சொல்தான் அதற்குச் சாட்சி. மொரப்பூர் ரோட்டில் கடை போட்ட நாளிலிருந்து, நான் வேலை செய்யும்போது பக்கத்தில் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்காமல் இருந்ததில்லை. உங்களில் மோட்டார் காயில் கட்டுகிறவர்களும் செல்போன் ரிப்பேர் செய்கிறவர்களும் இருந்தால், அந்த நிற்கிற ஆளை உங்களுக்கும் தெரிந்திருக்கும். உங்களோடு சேர்ந்து புலம்பத்தான் இதை எழுதுகிறேன்.

சத்தத்தை வைத்துச் சந்தேகம்

ஒரு தக்காளி லோடு டிரைவர். பிக்கப்பில் ஏசி பெயருக்குத்தான் ஓடுகிறது என்று வந்தார். கசிவை அடைத்து, கேஸ் ஏற்றினேன். சிலிண்டரை ஆட்டிப் பார்த்தார். ஹோஸை முகர்ந்து பார்த்தார். மீட்டர் முள் ஏறுவதைக் காட்டினேன். முள்ளைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்தார். கடைசியில் ஹோஸைக் கழற்றும்போது வந்த சத்தத்தைக் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, வண்டியில் ஏறிக்கொண்டே சொன்னார்:

“பஞ்சர் கடையிலயும் இதே புஸ்ஸுதாங்க வருது. அவன் காத்துன்னு உண்மையச் சொல்லிடறான்.”

மலைக்கு ஒரு கேஸ்

வத்தல்மலையிலிருந்து சாமை மூட்டை இறக்க வருகிற ஒருவர், என்னிடம் வேலை பார்த்த மறுவாரமே திரும்பி வந்தார். மேலே ஊரில் ஏசி ஜில்லென்று இருக்கிறதாம், தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்கு வந்ததும் செத்துவிடுகிறதாம். மேலே ஜன்னலைத் திறந்து வைத்தாலே குளிரும், கீழே வெயிலில் ஏசி மூச்சு வாங்குகிறது, வெளியே ஓடுகிற ஃபேன் மோட்டார் தேய்ந்திருக்கிறது, மாற்ற வேண்டும் என்று விளக்கினேன். பொறுமையாகத் தலையாட்டினார். நான் சொன்னது புரிந்துவிட்டது என்று ஏமாந்தேன்.

“அதெல்லாம் சரிங்க. மேல நல்லா இருந்த கேஸ, கீழ வந்ததும் யாரு எடுக்கறாங்க?”

மாதேசனும் சாவியும்

இவர்களெல்லாம் கேலிக்கு ஆகிற ஆட்கள். மாதேசன் அப்படியில்லை. என் தூக்கத்தைக் கெடுத்தவர். பொம்மிடிப் பக்கம் மல்பெரி போட்டு, பட்டுப்புழு வளர்க்கிற குடும்பம். முட்டை பொரித்து வளர்த்துத் தருகிற சாக்கி சென்டரில் புழுவைக் குட்டியாக வாங்கி, தட்டு தட்டாக வண்டியில் கொண்டுவந்து தங்கள் ஷெட்டில் விடுவார்கள். குட்டிப் புழுவுக்கு வெக்கை ஆகாது. அதனால் அந்தத் தட்டுகள் பின்னால் போகாது. மாதேசனின் பிக்கப்பில் டிரைவருக்குப் பக்கத்து சீட்டில், ஏசியில்தான் பயணம்.

வண்டியை விட்டவர் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. நான் கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் தன் துண்டில் வாங்கி வைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை தோறும் முன்பக்க ஜாலியில் பூசிய சந்தனமும் சாமந்தி இதழும் உள்ளே காயிலில் அடையாக ஒட்டியிருந்தன. கழுவினேன். கேஸ் குறைந்திருந்தது, ஏற்றினேன். காற்று சில்லென்று வந்தது, ஆனால் வரவேண்டிய வேகத்தில் வரவில்லை. ஃபேனை முழுசாக வைத்தும், முன்னால் கிடந்த விபூதிப் பொட்டலத்தின் காகிதம்கூட அசையவில்லை. காற்று உள்ளே நுழைகிற வழி இடதுபக்க டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது. பெட்டியைக் கழற்றலாம் என்று பார்த்தால், அதில் கொண்டி அடித்து ஒரு பித்தளைப் பூட்டு தொங்கியது. வீட்டு உண்டியலுக்குப் போடுகிற பூட்டு.

ஒரு மனிதர் பிக்கப் வண்டியில் எதைப் பூட்டி வைப்பார்? நல்ல எண்ணம் எதுவும் எனக்கு வரவில்லை. பெட்டியைத் திறக்காமல் வேலை முடியாது என்றேன். அவர் பூட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“சாவி வூட்ல இருக்குதுங்க. காத்து வரலன்னு சொன்னா, பொட்டிய எதுக்குங்க கேக்கறீங்க?”

புழு செத்த பழி

பெட்டியைத் திறக்க விடாமலே வண்டியை ஓட்டிப் போன மாதேசன், அடுத்த பேட்ச் புழு வந்த அன்று மதியமே என் கடை வாசலில் வண்டியை நிறுத்தினார். டீ குடித்துக்கொண்டிருந்த டிரைவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். வழியெல்லாம் வெக்கையாம். புழு துவண்டுபோய், ஷெட்டில் தழை போட்டும் பாதிக்கு மேல் ஏறித் தின்னாமல் செத்துவிட்டதாம். இன்னொரு பேட்ச் சொல்லி வைத்திருக்கிறார்கள். அதுவும் போனால் மல்பெரியைப் பிடுங்கிவிட்டு, வண்டியையும் விற்க வேண்டியதுதான் என்றார். அந்த வரைக்கும் எனக்கு அவர் மேல் பரிதாபம்தான். அதற்குப் பிறகுதான் சொன்னார், என் கேஸ் கசிந்து அதன் வாடையில் புழு செத்திருக்கிறது என்று.

எனக்குச் சுரீரென்றது. அங்கே இருந்தவர்கள் எல்லாம் என் வாடிக்கைக்காரர்கள். அதில் இரண்டு பேர் டீயைப் பாதியில் வைத்துவிட்டுத் தங்கள் வண்டி ஏசியை நினைப்பது முகத்திலேயே தெரிந்தது. இந்தப் பேச்சு லோடு ஸ்டாண்டுக்குப் போனால் நான் ஷட்டரை இழுத்து மூடிவிட வேண்டியதுதான். சோப்பு நுரை தடவி ஒவ்வொரு மூட்டாகக் காட்டினேன்; ஓரிடத்திலும் குமிழ் வரவில்லை. சாவியைக் கொண்டு வாருங்கள், பெட்டியைத் திறந்தால் உண்மை தெரிந்துவிடும் என்று கத்தினேன். மாதேசன் தலையைக் குனிந்துகொண்டார். குரல் இறங்கிவிட்டது.

“சாவி எங்கிட்ட இல்லீங்க தம்பி. அவ எங்கிட்ட குடுக்க மாட்டா.”

மோப்பம்

மறுநாள் மாதேசனோடு அவர் மனைவியே வந்தார். பெயர் கோவிந்தம்மாள். ஷெட் முழுக்க அவர் பொறுப்பு. வண்டியை விட்டு இறங்கியதும் கடையை ஒரு சுற்றுச் சுற்றி மூக்கால் இழுத்தார். சென்ட் போட்டிருக்கிறேனா, கொசுவத்தி ஏற்றினேனா, காயிலில் எதையாவது ஸ்ப்ரே அடிப்பேனா என்று விசாரணை. பிறகு என் கையை நீட்டச் சொல்லி முகர்ந்தார். கிரீஸ் வாடைதான் வந்திருக்கும். புழு இருக்கிற இடத்தில் புகையிலை வாடையே ஆகாதாம். பெட்டிக்குப் பூட்டுப் போட்டதும் அதற்காகத்தான். மாதேசன் அதில் பீடிக்கட்டு வைக்கிறார் என்று அவருக்குச் சந்தேகம். மாதேசன் பீடியை விட்டு வெகு காலமாகிறது என்று சாமி மேல் சத்தியம் செய்தார். தாலிக்கயிற்று ஊக்கிலிருந்து சாவியைக் கழற்றிக்கொண்டே அம்மா சொன்னார்:

“சத்தியம் பண்ற வாய ஊதச் சொல்லுங்க பாக்கலாம்.”

பெட்டிக்குப் பின்னால்

பெட்டி காலி. அதைக் கழற்றிவிட்டுப் பின்னால் கையை விட்டேன். மெத்தென்று ஏதோ தட்டுப்பட்டது. இழுத்தேன். நாலாக மடித்து, ஓரம் தைத்த நைலான் வலை. வலையின் கண் ஒன்றுகூடத் தெரியவில்லை. ரோட்டு மண்ணும் பஞ்சும் சேர்ந்து சாணி மெழுகியது போல அடைத்திருந்தது. காற்று வருகிற வாசலையே யாரோ அடைத்து வைத்திருக்கிறார்கள். மாதேசன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. ஏசிக்காரர்தான் போன தடவை இதைச் செருகியிருக்கிறார், திரும்பத் திரும்ப வரவைக்கிற தந்திரம் என்றார்.

நான் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டேன். வண்டியை எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்ல வாயெடுத்தபோது, கோவிந்தம்மாள் அந்த வலையை என் கையிலிருந்து வாங்கினார். ஊசி ஈ என்று ஒன்று இருக்கிறது. புழு மேல் உட்கார்ந்து முட்டை வைத்தால் அந்தப் புழு கூடு கட்டாது. அதற்குப் பயந்து ஷெட்டில் கதவு, ஜன்னல் எல்லாவற்றுக்கும் வலை அடித்திருக்கிறார்கள். ஏசி வழியாக ஈ வராதா என்று இவருக்குத் தோன்றியிருக்கிறது. பூட்டுப் போட்ட அன்றே இதையும் உள்ளே தள்ளியிருக்கிறார். மாதேசன், ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்றார்.

“சொன்னா, ஏசில ஈ வராதுன்னு புடுங்கிப் போட்டிருப்பீங்க. ஈக்குத் தெரியுமா நீங்க சொல்றது?”

காற்று வந்தது

ஃபேனைப் போட்டேன். விபூதிப் பொட்டலம் பறந்து சீட்டுக்குப் பின்னால் சந்தில் விழுந்தது. மாதேசன் முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள், இத்தனை நாள் கூலிங் காயிலில் அடைந்து கிடந்ததெல்லாம் அந்த ஜில் காற்றோடு குபுகுபுவென்று வெளியே வந்தது. சுத்தமான பீடி வாடை. கோவிந்தம்மாள் மெதுவாகத் திரும்பினார். நான் வாழ்க்கையில் பீடியைத் தொட்டதில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். மாதேசன் என்னைக் காட்டிச் சொன்னது இது:

“ஏசிக்காரருக்கு அந்தப் பழக்கம் இருக்கும் போலிருக்குது.”

புழு வந்த செய்தி

காயிலை வெறும் தண்ணீரிலேயே வாடை போகும்வரை கழுவினேன். ஈ பயமும் நியாயமான பயம்தான். அதனால் வலையை ஒற்றையாக வெட்டி, ஒரு சட்டத்தில் மாட்டி, உருவிக் கழுவுகிற மாதிரி வைத்துக் கொடுத்தேன். அந்தக் கடைசி பேட்ச் வருகிற காலையில் எனக்கு வேலையே ஓடவில்லை. ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் மாதேசன்தான் சண்டைக்கு வருகிறார் என்று எழுந்து எழுந்து பார்த்தேன். நன்றாக வெயில் ஏறின பிறகு போன் வந்தது. கோவிந்தம்மாள். பின்னால் தழை நறுக்குகிற சத்தம்.

“தழ போட்ட ஒடனே ஏறித் திங்குதுங்க தம்பி, ஒண்ணுகூட துவளல. நீங்க நெசமாவே பீடி குடிக்க மாட்டீங்களா?”

மாதேசனின் கோரிக்கை

சந்தோஷத்தில் கண் கலங்கியது உண்மை. அந்த வாரத்திலேயே மாதேசன் தனியாக வந்தார். வண்டியைக் கடை முன்னால் நிறுத்தாமல் புளியமரத்துக்குப் பின்னால் நிறுத்தினார். இந்த முறை போல்ட்டைப் பிடிக்கத் துண்டு கொண்டுவரவில்லை. ஏசி நன்றாக இருப்பதால், புழு இல்லாத நாளிலும் எல்லா லோடுக்கும் அந்த அம்மா கூடவே வருகிறாராம். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தார்.

“காத்து ரொம்ப பலமா வருதுங்க தம்பி, அந்த வலைய மட்டும் மறுபடி நாலா மடிச்சு வெச்சுடறீங்களா?”

ஏசி குளிராவிட்டால் சந்தேகம் என் கடையில் இருக்கிறது, குளிர்ந்துவிட்டால் வண்டி ஏறி அவரவர் வீட்டுக்குப் போய்விடுகிறது.