கூட்டிச் சொன்ன ஒரு வயது

என் மகளுக்கு ஒரு வயதைக் கூட்டிச் சொன்னது நான்தான். என் கணவர் இல்லை, தலைமை ஆசிரியர் இல்லை, ஆதார் முகாமில் கணினி முன்னால் உட்கார்ந்திருந்த பெண்ணும் இல்லை. யாரைத் திட்ட ஆரம்பித்தாலும் கடைசியில் அது என் வாயில் வந்துதான் நிற்கிறது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவள் பிறந்தது ஒரு காணும் பொங்கலன்று, கல்வராயன் மலையில். எங்கள் ஊர் மலையடிவாரம். காணும் பொங்கலுக்குப் பாதி ஊர் வேனிலும் டிராக்டரிலும் ஏறி அருவிக்குப் போகும். எனக்கு அப்போது ஒன்பதாவது மாதம். "நீ வராத, வூட்டுல கெட" என்றார் என் கணவர். எல்லாரும் போகும்போது நான் மட்டும் கரும்புக் காட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதா என்று வேனில் ஏறிவிட்டேன். என் கொழுப்பு. வெள்ளிமலை நெருங்கும்போது வலி எடுத்தது. முன்பின் தெரியாத ஒரு மலைக்கார அம்மாள் வீட்டில் பிரசவம் ஆனது. தொப்புள்கொடி அறுத்ததும் அவர்தான், சாமைக் கஞ்சி வைத்துக் கொடுத்ததும் அவர்தான்.

பிறப்பைப் பதியப் போனோம். எங்கள் ஊரில், "பொறந்த எடத்துலதாங்க பதியணும்" என்றார்கள். மலைக்குப் போய்க் கேட்டால், "உங்க ஊர்லயே பதிஞ்சிக்கோங்க" என்றார்கள். இரண்டு முறை ஏறி இறங்கினோம். அதற்குள் கரும்பு வெட்டு வந்தது, அப்படியே விட்டுவிட்டோம். ஊரில் யாரை எழுப்பிக் கேட்டாலும் அவள் காணும் பொங்கலுக்குப் பிறந்தவள் என்று சொல்வார்கள். ஊருக்கே தெரிந்ததற்கு எதற்குக் காகிதம் என்று இருந்துவிட்டோம்.

நான்கு வயது முடிந்தும் அவளுக்குப் பேச்சு வரவில்லை. "பள்ளிக்கூடத்துல நாலு புள்ளைங்களோட சேந்தா தானா பேசிடும்" என்று சொல்லாத ஆள் கிடையாது. நானும் நம்பினேன். என் கணவரின் அண்ணன் மகள் அந்த வருடம் ஒன்றாம் வகுப்பில் சேர இருந்தாள். அவளோடு சேர்த்துவிட்டால் கையைப் பிடித்துக் கூட்டிப் போவாள், பேசிக்கொண்டே போவாள், கேட்டுக் கேட்டு இவளும் பேசிவிடுவாள் என்று கணக்குப் போட்டேன். ஆனால் சேர்ப்பதற்கு ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும். தலைமை ஆசிரியர் பிறந்த தேதி கேட்டார். மாதத்தையும் தேதியையும் சரியாகத்தான் சொன்னேன். வருடத்தில் மட்டும் ஒன்றைக் குறைத்துச் சொன்னேன், வயதில் ஒன்று கூடிவிட்டது. எங்கள் பக்கம் இதையெல்லாம் யாரும் பொய்யில் சேர்ப்பதில்லை. இரண்டு வாரம் கழித்து அதே பள்ளியில் ஆதார் முகாம் போட்டார்கள். பள்ளிப் பதிவேட்டில் இருந்த தேதியே அதிலும் ஏறியது.

பேச்சு வருவதற்காகச் சேர்த்த பள்ளியில், ஒன்றாம் வகுப்பு டீச்சர்தான் உண்மையைக் கண்டுபிடித்தார். "இவளுக்குப் பேச்சுல கொறையில்லம்மா, காதுதான் கேக்கல" என்று சொல்லி, சத்துணவுத் தட்டு ஒன்றை அவளுக்குப் பின்னால் தரையில் போட்டுக் காட்டினார். வகுப்பே துள்ளித் திரும்பியது. அவள் மட்டும் சிலேட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுச் சென்னைக்கு அனுப்பினார்கள். காதுக்குள் கருவி வைக்கும் அறுவை சிகிச்சை செய்தால் கேட்கும், அப்புறம் பேசப் பழக்கலாம் என்றார் டாக்டர். அரசுக் காப்பீட்டில் எல்லாமே இலவசம் என்றும் சொன்னார். திரும்பி வரும்போது பேருந்தில் உளுந்தூர்பேட்டை வரைக்கும் எங்களுக்குள் சண்டை. அவள் முதலில் 'அப்பா' என்பாள் என்று அவர், 'அம்மா'தான் என்று நான். அந்த மாதிரி சண்டை எங்களுக்குள் அதற்குப் பிறகு வரவில்லை.

முதலில் மூன்று மாதம் வெளியே மாட்டும் கருவியைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்றார்கள். பார்த்தோம், பயனில்லை. காப்பீட்டுக்கு விண்ணப்பம் தை மாதக் கடைசியில் போனது. மாசியில் மறுத்துவிட்டார்கள். ஆறு வயது முடிந்த பிள்ளைக்கு இந்தச் சிகிச்சை திட்டத்தில் கிடையாதாம். ஆதார்ப்படி அவளுக்கு ஆறு முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. நிஜத்தில் ஐந்து முடிந்து ஒரு மாதம்.

காப்பீட்டு அலுவலகத்துக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். "கார்டுல இருக்கறதுதாங்க எங்களுக்கு வயசு" என்றார் அங்கிருந்தவர். குரலில் கோபம்கூட இல்லை. கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன். ஆதாரில் தேதியை மாற்றப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். இத்தனை வருடம் கழித்துப் பிறப்பைப் பதிய ஆர்.டி.ஓ. உத்தரவு வேண்டும். மனுவைக் கொடுத்துவிட்டு எவ்வளவு நாளாகும் என்று அங்கே கேட்டதற்கு, "ஆகும்மா" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டார்கள். என் கையில் இருந்தது அடுத்த காணும் பொங்கல் வரைக்கும்தான்.

எம்.எல்.ஏ. கடிதம் ஒன்று வாங்கிவிட்டால் அசைந்து கொடுப்பார்கள் என்று ஊரில் எல்லாரும் சொன்னார்கள். முதல் முறை போனபோது அவர் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தார். இரண்டாம் முறை சட்டசபை. மூன்றாம் முறை இருந்தார். அவர் கெட்டவர் என்று எழுதினால் எனக்கு மனசு ஆறும், ஆனால் அது நிஜமில்லை. என் மகளைப் பக்கத்தில் இழுத்து, "பேரு இன்னா பாப்பா?" என்று கேட்டார். அவள் அவருடைய சட்டைப் பையில் இருந்த பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா, வெக்கமா?" என்று சிரித்தார்.

"காது கேக்காதுங்க ஐயா" என்றேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. முழுக் கதையையும் நின்றபடியே கேட்டார். உதவியாளரைக் கூப்பிட்டு, "இந்தம்மாவுக்கு இப்பவே கடிதம் அடிச்சிக் குடுத்துடு. திரும்ப அலைய வைக்காத" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் திரும்பினார். வெளியே இன்னும் முப்பது பேர் நின்றுகொண்டிருந்தார்கள். உதவியாளர் என்னிடம் ஆதார் நகலை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அரை மணி நேரத்தில் கடிதம், கையெழுத்து வாங்கி, உறைக்குள் போட்டு, ஒட்டி, மேலே முத்திரை குத்தி வந்துவிட்டது.

வாசலிலேயே பிரித்துப் பார்க்கலாமா என்றேன். என் கணவர் அதிர்ந்துபோனார். "பெரியவங்க ஒட்டிக் குடுத்தத பிரிப்பாங்களா? இன்னா பழக்கம் இது?" என்றார். நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள், அவர் எட்டோடு நிறுத்தியவர். இருந்தும் எனக்கும் அந்த முத்திரையைக் கிழிக்கக் கை வரவில்லை. ஊர் மாரியம்மன் காலடியில் உறையை வைத்து எடுத்தோம். பூசாரி நான்கு மூலையிலும் குங்குமம் வைத்தார். காப்பீட்டு அலுவலகத்துக்குப் பதிவுத் தபால் போடும்போது, அந்தக் குங்குமம் அழியாமல் தபால்தலை ஒட்டச் சொல்லி நான் தபால் நிலையத்து அம்மாளிடம் சண்டை வேறு போட்டேன்.

ஆடியில் பதில் வந்தது. ஒரே பக்கம். "மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர் அவர்கள் தமது கடிதத்திலேயே குழந்தைக்கு ஆறு வயது நிரம்பியுள்ளதாகக் குறிப்பிட்டுள்ளபடியால், கோரிக்கையை ஏற்க இயலவில்லை."

மூன்று முறை படித்தேன். உதவியாளர் வயதை ஆதாரைப் பார்த்து அடித்திருக்கிறார். ஆறு வயது நிரம்பிய, செவித்திறன் குறைந்த, ஏழைக் குழந்தை. இரக்கம் வர வேண்டும் என்றுதான் அப்படி எழுதியிருப்பார். நான் சொன்ன பொய்க்கு எம்.எல்.ஏ. கையெழுத்தும் மாரியம்மன் குங்குமமும் சேர்த்து நானே அனுப்பி வைத்திருக்கிறேன். அன்றைக்கு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். என் கணவர் என்னை ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

எம்.பி. அலுவலகத்துக்கும் ஒரு மனு போட்டோம். உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று தபால் வந்தது. எங்கே அனுப்பியிருக்கிறார்கள் என்று பார்த்தால், மறுத்த அதே காப்பீட்டு அலுவலகத்துக்கு.

மறுபடி எம்.எல்.ஏ.விடம் போனேன். பதிலைப் படித்ததும் உதவியாளரை என் எதிரிலேயே திட்டினார். அந்த ஆள் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. அவராவது இருந்ததைப் பார்த்து அடித்தார். "மொதல்ல பொறப்பு சர்ட்டிபிகேட்டு வரட்டும்மா. கையில ஆதாரம் இருந்தா நானே பேசறேன்" என்றார் எம்.எல்.ஏ. ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கும் சொல்லிவிட்டார். கோப்பு நகர்ந்தது, ஆனால் அது நகரும் வேகத்தில்தான். சாட்சி சொல்ல அந்த மலைக்கார அம்மாளைத் தேடிப் போனோம். அவர் என் மகளை மடியில் வைத்துக்கொண்டு, "பொங்க கழிச்சி மறுநா மறுநா பொறந்தவதான இவ" என்றார். எந்த வருடப் பொங்கல் என்பதையும் சொல்லி, கைரேகை வைத்துக் கொடுத்தார்.

உத்தரவு மார்கழியில் கைக்கு வந்தது. பிறப்புச் சான்றிதழ் வாங்கி, எம்.எல்.ஏ. அலுவலகத்தில் ஒரு நகல் கொடுத்து, ஆதாரில் தேதியைத் திருத்தி முடிப்பதற்குள் பொங்கல் வந்துவிட்டது. அரசு அலுவலகங்களுக்கு எல்லாம் விடுமுறை. காணும் பொங்கலன்று ஊர் வேனில் ஏறி அருவிக்குப் போனது. நான் போகவில்லை.

அதற்கு அடுத்த வாரம் எம்.எல்.ஏ. அலுவலகத்தில் இருந்து போன். "யம்மா, சர்ட்டிபிகேட்டு பாத்து புதுக் கடிதம் ரெடி பண்ணிட்டங்க. வந்து வாங்கிக்கினு போங்க" என்றார் உதவியாளர். மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். இந்த முறை பேருந்து நிலையத்திலேயே உறையைக் கிழித்தேன். பிறந்த தேதி, மாதம், வருடம் எல்லாம் சரி. கீழே, 'ஐந்தே வயதான இக்குழந்தைக்கு' என்று அழுத்தி அடித்திருந்தார்கள். போன மாதமே அடித்து வைத்த கடிதமாக இருக்க வேண்டும், கையெழுத்துக்குக் காத்திருந்திருக்கும். நான் அதைப் படித்த அன்றைக்கு அவளுக்கு ஆறு முடிந்து ஒன்பது நாள்.

இப்போது ஆதாருக்கும் எனக்கும் காப்பீட்டுக்காரர்களுக்கும் அவள் வயதில் எந்தத் தகராறும் இல்லை.

கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன். தியாகதுருகம் பேருந்து ஒன்று எங்களுக்குப் பின்னால் திரும்பும்போது காற்று ஹாரனை அடித்தது. நிலையத்தில் நின்ற அத்தனை பேரும் விலகினார்கள். அவள் வேர்க்கடலை உரித்துக்கொண்டு நின்றாள். நான் கையைப் பிடித்து இழுத்தேன்.