மௌத்துக் குரலில் சீலை விற்றவன்

பரீதாவுக்குக் கலீலுர் றஹ்மான் ஆறாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தான். கைநீட்டி வாங்கிய காசல்ல. வாயால் வந்த கடன். மக்கள் தொடர்பு வேலைக்குப் போகிற பிள்ளைகள் இதைக் கேட்டுவிட்டுப் போங்கள். ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் கதைதான், ஆனால் உங்கள் வகுப்பில் இது வராது.

மூதூரில் ஸ்பீக்கர் கட்டிய ஆட்டோ எத்தனையோ ஓடியது. கலீலின் குரலுக்குக் கிட்ட நிற்க ஒருத்தனும் இல்லை. இருக்கிறான் என்பவன் கூட்டிக்கொண்டு வரட்டும்! யாருடைய தயவும் இல்லாமல் மீன் சந்தையில் கூவிக் கூவியே தேறிய குரல். ஊரில் மௌத்து விழுந்தால் சாவுச் சேதியை அறிவிக்க அவனைத்தான் கூப்பிடுவார்கள். ஆட்டோவை மெல்ல உருட்டி, தாழ்ந்த குரலில் ஸலாம் சொல்லி, ஒரு மூச்சு நேரம் நிறுத்துவான். அந்த மௌனத்திலேயே சனம் வாசல் படலைக்கு வந்துவிடும். மனைவி போய்ச் சேர்ந்து, மகளும் கட்டாருக்குப் போன பிறகு, அவனுக்கு உறவென்று இருந்தது படலையில் நிற்கும் அந்த முகங்கள்தான்.

ஒரு பெருநாள் நேரம் சீலைக்கடை முதலாளி அவனைப் பிடித்தார். "கலீல், விளம்பரத்தைச் சனம் கேட்குதில்லையே."

"கேட்க வைக்கிறது என்ர வேலை."

அதே மெல்லிய ஓட்டம், அதே ஸலாம், அதே மௌனம். சனம் பதறி வந்தது. பிறகுதான் சொன்னான், சீலை பாதி விலையென்று. கடை நிரம்பியது. "நம்மள வெல்ல ஆளில்ல" என்று அன்றைக்கு வீட்டில் சொன்னான். கேட்கத்தான் அங்கே யாருமில்லை.

பரீதாவின் தம்பி றம்ஸான் அப்போது திருகோணமலை ஆஸ்பத்திரியில் கிடந்தான். மௌனம் வரைக்கும் கேட்டவள், தம்பிதான் போய்விட்டானென்று மிச்சத்தைக் கேட்கவில்லை. பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்கி, ஆட்டோ பிடித்து, அழுதுகொண்டே போய் இறங்கினாள். றம்ஸான் கட்டிலில் இருந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தான்.

திரும்பியவள் நேரே கலீலின் வாசலுக்கு வந்தாள். "போக வர ஆறாயிரம். உன்ர வாயாலதான் போன காசு, எடு."

"முழுசாக் கேட்டுட்டு ஓடியிருக்கலாமே ராத்தா. அதுக்கு நானா பொறுப்பு?"

அவள் திரும்பிப் போய்விட்டாள்.

பிறகு அவன் குரலுக்குப் படலைகள் திறக்கவில்லை. கூட்டம் சேர்ப்பது பெரிய வித்தையில்லை பிள்ளைகளே. பதறி வந்தவனை ஒருமுறை ஏய்த்தால் மறுமுறை அவன் எழும்பமாட்டான், உங்களிடம் எந்தப் பட்டம் இருந்தாலும்.

அந்த மாரியில் றம்ஸான் மெய்யாகவே மௌத்தானான். கலீல் தெருத்தெருவாகச் சொல்லிப் போனான். வேலியில் காயப்போட்ட சாரங்கள்தான் ஆடின. பெயரை இன்னும் உரக்கச் சொன்னான். அவன் குரல் மதிலில் பட்டு அவனிடமே வந்தது.

மறுநாள் கரையில் அருளம்பலத்தைக் கண்டான். றம்ஸானோடு காலமெல்லாம் ஒரே தோணியில் தொழிலுக்குப் போனவர். ஃபோன் வைத்திராத மனிசன்.

"அடக்கத்துக்கு உங்களைக் காணல்லையே அண்ணன்?"

வலையிலிருந்து அவர் தலை நிமிரவில்லை. "உன்ர சத்தம் கேட்டதுதான் தம்பி. சீலைக்கடையாக்குமெண்டு காது குடுக்காம உள்ளுக்கே இருந்திட்டன். இண்டைக்குக் காலமைதான் விசயம் தெரியும். முகம் பார்க்கக் கிடைக்கல்ல."

கலீல் நேரே வீட்டுக்குப் போய், இருந்த காசை எடுத்துக்கொண்டு பரீதாவின் வாசலுக்கு நடந்தான்.

"நான்தான் பொறுப்பு ராத்தா."

அவள் கையை நீட்டினாள். ஆயிரம், ரெண்டாயிரம் என்று அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில், அந்த உள்ளங்கையில் ஆறாயிரத்தையும் எண்ணி வைத்தான்.