எந்த மருந்து?

என் இடது கட்டைவிரலில் ஒரு சின்னத் தழும்பு இருக்கிறது. டிரஸ்ஸர் அண்ணன் மஞ்சள் மருந்து தடவிக் கட்டிவிட்ட காயம் அது. கொஞ்சம் கோணலாக ஆறியிருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் ‘நல்லவேளை’ என்றுதான் எனக்குத் தோன்றும்.

எண்பதுகளில் மலேசியாவின் கோலசிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் நான் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். அண்ணன் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர். காய்ச்சலோ பாம்புக்கடியோ, லயத்து ஜனம் முதலில் ஓடுவது அவரிடம்தான். தோட்ட மேனேஜரான எங்கள் துரை ஒரு துப்பாக்கிப் பைத்தியம். அதுவும் தோட்டா போடுகிற துப்பாக்கியெல்லாம் அவருக்கு ஆகாது. குழலின் வாய் வழியாக வெடிமருந்தைக் கொட்டி, துணி சுற்றிய ஈயக்குண்டை வைத்து, நீளக் கம்பியால் இடித்துக் கெட்டிக்கும் பழங்காலத் துப்பாக்கி ஒன்றை உரிமத்தோடு வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் மண்மேட்டில் காகிதத்தைக் குத்தி வைத்து, தன் கண்முன்னால் அண்ணனையும் என்னையும் சுடவிடுவார். சிகரெட்டை ஜீப்பிலேயே பிடுங்கி வைத்துக்கொள்வார். கோலசிலாங்கூர் மலைமேல் நிற்கும் பீரங்கியின் வாய்க்குள் கைவிட்டுப் பார்த்ததைத் தவிர எங்களுக்கு வேறு அனுபவம் கிடையாது. எங்கள் குண்டு பட்டு எந்தக் காகிதமும் கிழிந்ததில்லை.

அன்று கெட்டிக்கும் முறை என்னுடையது. மருந்தை அளந்து குழலில் கொட்டிவிட்டேன். குண்டுக்குத் துணி வெட்டும்போது கத்தி கட்டைவிரலில் ஏறிவிட்டது. எனக்கு ரத்தம் என்றாலே தலை சுற்றும். அண்ணன் ஓடிவந்து துப்பாக்கியை வாங்கிக்கொண்டார்.

“மருந்து போட்டாச்சா தம்பி?”

“இன்னும் இல்லண்ணே.”

விரலைக் கழுவ ஜீப்பை நோக்கி நடந்தேன். துரை அங்கே அடுத்த காகிதத்தைத் தேடிக்கொண்டிருந்தார். நான் திரும்பி வந்தபோது அண்ணன் குண்டையும் இடித்து முடித்து, தீப்பொறி தரும் கேப்பு வைக்கத் துப்பாக்கியைத் தூக்கியிருந்தார். நான் விரலை நீட்டினேன்.

“அண்ணே, மருந்து?”

“அதான் போட்டுட்டேன்லா.”

“எங்கண்ணே போட்டீங்க? ரத்தம் இன்னும் நிக்கல.”

அவர் என் விரலைப் பார்த்தார். பிறகு துப்பாக்கியைப் பார்த்தார். குழலில் நானும் மருந்து கொட்டியிருந்ததைத் துரையிடம் கத்திச் சொன்னேன். துரை பாய்ந்து வந்து, குழலை மேட்டுப் பக்கம் திருப்பி, கம்பியை மெல்ல உள்ளே விட்டார். சரியாகக் கெட்டித்திருந்தால் கம்பியில் கீறியிருந்த கோடு குழல் வாயோடு நிற்க வேண்டும். அது நன்றாக மேலே ஏறி நின்றது.

“ரெண்டு தடவ மருந்து! இந்தப் பழைய குழலு தாங்காதுய்யா. வெடிச்சிருந்தா கண்ணு போயிருக்கும்.”

துரை திருகு முனை மாட்டிய கம்பியால் குண்டை உருவி, மருந்தைத் தட்டிக் கொட்டி, குழலில் தண்ணீர் ஊற்றினார். அப்புறம் அண்ணன் புல்லில் பொத்தென்று உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. பாதித் தோட்டத்துக்குத் தையல் போட்ட கை, என் விரலைக் கட்டும்போது ஆடியது. தழும்பு கோணலானது அதனால்தான். அன்றிலிருந்து துப்பாக்கிக்குள் போவதைக் ‘கரி’ என்று மட்டுமே சொன்னோம். துரையும் அப்படியே சொல்லப் பழகிவிட்டார்.

போன மாதம் அண்ணனைப் பார்க்க புஞ்சாக் ஆலாம் போயிருந்தேன். மகள் வீட்டில் இருக்கிறார். கண்புரை எடுத்திருக்கிறார்கள். கண்ணில் சொட்டு விடும் வேலையை மகள் என்னிடம் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

“அங்கிள், அப்பாவுக்கு மருந்து போட்டாச்சா?”

“எந்த மருந்து?” என்று நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் கேட்டோம்.

அண்ணன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். விட்ட சொட்டெல்லாம் கன்னத்தில் வழிந்துவிட்டது. என் கையைப் பிடித்து, கட்டைவிரலைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

“கோணலா கட்டியிருக்கேன்லா தம்பி. இப்பத்தான் நல்லாத் தெரியுது.”